சீர் கொண்டு வாருங்கள்



பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் இந்த நாட்களில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கும். வகுப்புக்குள்ளே மூன்றாம் பருவத் தேர்வுக்குத் திருப்புதல் ஓடும். வெளியே வேப்பமரத்தடியில் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கும். நான் முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் வேலை பார்த்தவள். இந்த நாட்களில் பெற்றோர் என்ன செய்யலாம், ஆசிரியர்கள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆண்டு விழா அன்று ‘கல்விச் சீர்’ கொண்டு வருகிறார்கள். பார்த்திருப்பீர்கள். மேளம் முன்னால் போகும். பின்னால் பெண்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு நோட்டுப் புத்தகம், பென்சில், சிலேட்டு எல்லாம் அடுக்கி எடுத்து வருவார்கள். ஆண்கள் பீரோவையும் நாற்காலியையும் மின்விசிறியையும் தூக்கி வருவார்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வருவது மாதிரியே தெருவைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்பார்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. காரணம், அந்தப் பீரோ இல்லை. சீர் யார் கொண்டு வருவார்கள்? சொந்தக்காரர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டு வருகிற ஊர், ‘இந்தப் பள்ளி எங்கள் வீட்டுப் பெண்’ என்று சொல்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் பிற்பகுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று ஊரே உட்கார்ந்து பட்டியல் போட்டது. கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை என்று அவரவர் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய பகல் உணவும் முதலில் மக்கள் கொடுத்த அரிசியையும் காசையும் நம்பித்தான் உலை வைத்தது. அன்றைக்குக் கொடுத்தவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பள்ளிக்கூடம் தங்களுடையது என்று தெரிந்திருந்தது.

இன்றைக்குப் பல பெற்றோர் பள்ளிக் கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டு விழா அன்றைக்கும் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நிற்கிறார்கள். கூப்பிட்டால், ‘பரவால்ல டீச்சர், இங்கேயே நிக்கிறோம்’ என்கிறார்கள். அவர்களிடம்தான் நான் முக்கியமாகப் பேச நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புக்கு நான் ஒரு கும்மி பழக்கினேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் நன்றாக ஆடுகிற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு சிறுமிக்கு அடி தவறிக்கொண்டே இருந்தது. ‘நீ தண்ணீர் கொடுக்கிற வேலையைப் பார்த்துக்கொள்’ என்று சொல்லிவிட்டேன். விழா அன்று அவளுடைய பாட்டி வந்திருந்தார். களையெடுக்கப் போனவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு, குளித்து ஈரத் தலையை முடிந்துகொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் என்னைப் பார்த்து, ‘டீச்சரம்மா, எம் பேத்தி எப்ப வருவா?’ என்று கேட்டார். நான் என்ன சொல்வது? மேடைக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பிள்ளையைக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘எல்லாப் புள்ளைக்கும் தண்ணி குடுத்தாளே, அது போதும்’ என்றார். அடுத்த வருடம் அவர் விழாவுக்கு வரவில்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் மேடை ஏற வேண்டும். அடி தவறினால் தவறட்டும். கும்மி, ஒயிலாட்டம், கோலாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் கூட்டமாகச் செய்கிற கலைகள். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுவதற்கு எத்தனை பிள்ளைகளை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். ஆடக் கூச்சப்படுகிற பிள்ளை ஒரு திருக்குறள் சொல்லட்டும். பேசத் தயங்குகிற பிள்ளை தான் வரைந்த படத்தை மேடையில் தூக்கிக் காட்டட்டும். நடக்க முடியாத பிள்ளைக்கு மேடையின் நடுவில் நாற்காலி போடுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

ஒத்திகையைக் கடைசிப் பாடவேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்பே தொடங்கினால் தினம் அரை மணி நேரம் போதும். வாடகை உடையும் வேண்டாம். ஓர் உடைக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிற வீடு இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று அன்றைக்கு லீவு எடுத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கிற வேட்டி, துண்டு, பாவாடை போதும். சினிமாப் பாட்டு வைத்தால், அந்த வார்த்தைகளைப் பிள்ளை தன் தாத்தா முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

விழா நேரத்தையும் கவனியுங்கள். ஆறு வயதுப் பிள்ளை முகத்தில் பவுடரோடு நாலு மணிக்கே தயாராகிவிடும். விருந்தினர் ஏழு மணிக்கு வந்து எட்டு மணி வரை பேசினால், அந்தப் பிள்ளை மேடைக்குப் பின்னால் தூங்கிவிடும். ஒன்றாம் வகுப்பை முதலில் ஆட விடுங்கள். உரைகளை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். முன் வரிசையைப் பெற்றோருக்கு விட்டு வையுங்கள். காலை உணவு சமைக்கிற அம்மாவையும், சத்துணவு அமைப்பாளரையும், கழிவறை கழுவுகிறவரையும் மேடையில் ஏற்றி ஒரு துண்டு போர்த்துங்கள். பிள்ளைகள் கைதட்டுகிற சத்தத்திலேயே தெரியும், அவர்களுக்கு யார் முக்கியம் என்று.

இனி பெற்றோரிடம் வருகிறேன்.

‘எங்களிடம் பணம் இல்லையே, நாங்கள் என்ன சீர் கொண்டு வருவது?’ என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளின் ஆண்டு விழாவுக்கு அரசே தொகை ஒதுக்குகிறது. பள்ளிக்குத் தேவைப்படுவது உங்கள் கையும் உங்கள் நேரமும். முதல் நாள் சாயங்காலம் வந்து மாவிலைத் தோரணம் கட்டலாம். வாசலில் கோலம் போடலாம். எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர் சீரியல் விளக்குப் போடலாம். தையல் தெரிந்த அம்மா நாலு பிள்ளைகளின் பாவாடையைச் சுருக்கிக் கொடுக்கலாம். பணம் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் மைக்கில் வாசிக்கிற பள்ளிகள், தோரணம் கட்டியவர் பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இன்னொரு சீர் இருக்கிறது. அது கடையில் கிடைக்காது. உங்களுக்குத் தெரிந்த வேலை. நான் தலைமை ஆசிரியையாக இருந்த பள்ளியில், தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமையைக் குடும்பங்களுக்கு ஒதுக்கினோம். ஒரு தாத்தா பனை ஓலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்து காட்டினார். கொத்தனார் வேலை பார்க்கிற அப்பா, ரசமட்டத்தைக் கொண்டு வந்து, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பழக்கினார். பூ கட்டுகிற ஓர் அம்மா, ஒரு முழத்துக்கு எத்தனை பூ, பத்து முழத்துக்கு எத்தனை என்று கேட்டார். பெருக்கல் வாய்ப்பாட்டை அதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த விதமே வேறு. ‘அது எங்கப்பா’ என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான் ஒருவன்.

அடுத்து, பிள்ளையின் படிப்பு. ஆண்டு முடிவில் ‘எத்தனையாவது ரேங்க்?’ என்று கேட்கிறோம். அதை விட்டுவிடுங்கள். ஜூன் மாதத்து நோட்டையும் ஏப்ரல் மாதத்து நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டி ஓடிய எழுத்து இன்றைக்குக் கோட்டுக்குள் நிற்கும். படத்துக்குக் கீழே ஒரு சொல் எழுதிய பிள்ளை இன்றைக்கு நாலு வரி எழுதியிருக்கும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்கள் இந்த இரண்டு நோட்டுகளையும் விழா அன்று ஒரு வகுப்பறையில் கண்காட்சியாக வைத்தால் ரொம்ப நல்லது.

உங்கள் பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால், 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கிறார்கள். ‘என் பிள்ளை தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை?’ என்று டீச்சரிடம் கேளுங்கள். அரும்பு என்று சொன்னால் பிள்ளையை அடிக்காதீர்கள். ‘விடுமுறையில் நாங்கள் வீட்டில் என்ன செய்யட்டும்?’ என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வாசிப்பு இயக்கத்துக்காக வந்த ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற சின்னச் சின்னப் புத்தகங்கள் பள்ளியில் இருக்கும். விடுமுறைக்கு நாலு புத்தகம் வாங்கிக்கொண்டு போக முடியுமா என்று கேளுங்கள். தலைமை ஆசிரியர்களே, புத்தகம் கிழிந்துவிடும் என்று பூட்டி வைக்காதீர்கள். பிள்ளை வாசித்துக் கிழிந்தால் கிழியட்டும்.

விழா அன்று ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மேடைக்கு வந்ததும் முதலில் கூட்டத்துக்குள் உங்கள் முகத்தைத்தான் தேடும். அந்த நேரத்தில் உங்கள் முகத்துக்கு முன்னால் கைப்பேசி இருக்க வேண்டாம். படம் எடுக்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணாலே பாருங்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற படத்தை, அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் ஒரே வேப்பமரத்தடியில் வளர்ந்த பிள்ளை, இனிமேல் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். வெளியே சிரித்தாலும் உள்ளே பயம் இருக்கும். மாற்றுச் சான்றிதழைக் கேட்டவுடன் தர வேண்டும் என்பது சட்டம். அதை வாங்கிவிட்டு, விடுமுறைக்குள்ளேயே ஒரு நாள் புதுப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். எந்தப் பஸ், எங்கே இறங்குவது, கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டுங்கள். பெண் பிள்ளைகள் ‘தூரம்’ என்ற காரணத்தால் நின்றுபோவது இந்த இடத்தில்தான். தெருவில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பினால் தூரம் குறைந்துவிடும்.

கடைசியாக, சீர் கொண்டு வருகிறவருக்கு உரிமையும் உண்டு. தாய்மாமன் சீர் வைத்துவிட்டு மூலையில் நிற்கமாட்டார். ‘பிள்ளை ஏன் இளைத்திருக்கிறது?’ என்று கேட்பார். அந்த உரிமையை உங்களுக்குச் சட்டமே கொடுத்திருக்கிறது, நீங்கள் ஒரு பென்சில்கூடக் கொண்டு வராவிட்டாலும். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு அடுத்து என்ன தேவை என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆண்டு முடிவுதான் அதற்குச் சரியான நேரம். சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறதா, கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று இப்போதே குழுவில் தீர்மானம் போடுங்கள். மே 1ஆம் தேதி கிராம சபை கூடும். அங்கேயும் எழுந்து பேசுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் வேலை நடக்க வழி இருக்கும்.

இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை வந்ததும், ‘ஆண்டு விழா என்றைக்கு?’ என்று கேட்டு, காலண்டரில் வட்டம் போடுங்கள். உங்களால் செய்ய முடிந்த ஒரு வேலையைப் பிள்ளையிடமே சொல்லி அனுப்புங்கள். ‘எங்கம்மா கோலம் போட வர்றாங்களாம் டீச்சர்’ என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விழா அன்று சுவரோரம் நிற்காதீர்கள். பாட்டியையும் கையைப் பிடித்து அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வையுங்கள். பேத்தி எப்போது வருவாள் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.