கண்ணாடியான சோடியம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு பழைய கடனைத் தீர்க்க வந்திருக்கிறேன். இங்கேயே படித்து, இங்கேயே பாடம் நடத்திய நாட்கள். 1998-இல் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: "சார், சோடியத்தை ரொம்ப அழுத்தினா அது உலோகமாவே இருக்குமா?"

"அழுத்த அழுத்த இன்னும் நல்ல உலோகமாகும்; உட்காருப்பா" என்றேன். வகுப்பே சிரித்தது.

மறு ஆண்டே நீட்டனும் ஆஷ்கிராஃப்டும் கணக்குப் போட்டு, கடும் அழுத்தத்தில் லித்தியம் எளிய உலோகமாக இருக்காது என்றார்கள். 2009-இல் சோடியத்தை இரண்டு வைர முனைகளுக்கிடையே நெருக்கினார்கள். சுமார் 20 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் அது ஒளி ஊடுருவும் பொருளாகிவிட்டது! ஏன்? அணுக்கள் நெருங்க நெருங்க, உள் எலெக்ட்ரான்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. வெளி எலெக்ட்ரானுக்கு அங்கே இடமில்லை. அணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் போய் அடைபடுகிறது. திரிய முடியாத எலெக்ட்ரான் மின்சாரத்தைக் கடத்துமா?

மாணவர்களே, தோன்றியதைக் கேட்டுவிடுங்கள். ஆசிரியர்களே, உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த மாணவர் பெயர் மறந்துபோச்சு. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால் படிக்கட்டும்: தம்பி, உங்க கேள்விதான் சரி. மன்னிச்சிடுங்க.