மாடல் விமானம் பணக்காரர் சமாச்சாரமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை)



"வேலைவாய்ப்பு பத்திப் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். அதற்கு இங்கே தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம் பற்றி. காலையில் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஆசைதான் சார், ஆனா அதெல்லாம் வசதி உள்ளவங்க சமாச்சாரம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிஷம்.

எங்கள் காலத்தில் அது உண்மைதான். வெளிநாட்டு எஞ்சின், மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள், பால்சா மரம் எல்லாமே எட்டாக்கனி. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரேடியோவைப் போட்டுவிட்டால் விமானம் தரையில்தான். இன்றைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தன் ரிசீவரோடு மட்டும் பேசும். எஞ்சினுக்குப் பதில் பிரஷ்லெஸ் மோட்டார். பால்சாவுக்குப் பதில் ஸ்டேஷனரி கடை ஃபோம் போர்டு.

கணக்குப் பார்த்துவிடுவோம். ரிசீவரோடு ஆறு சேனல் ரேடியோ சுமார் 5,000 ரூபாய். மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் சுமார் 1,000. ஒன்பது கிராம் சர்வோ இரண்டு, 300. மூன்று செல் 2,200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி 1,800. சார்ஜர் 500. அட்டை, பசை, டேப், புரொப்பெல்லர் 400. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். ஆக மொத்தம் 9,000. நான்கு பேர் சேர்ந்தால் தலைக்கு 2,250.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்தால் பெரும்பாலும் உடைவது 400 ரூபாய்ச் சாமான்தான். ரேடியோ உங்கள் கையில் பத்திரமாக இருக்கும். மோட்டாரையும் சர்வோவையும் கழற்றி அடுத்த விமானத்தில் மாட்டலாம். விலை உயர்ந்த ரெடிமேட் விமானம் வாங்கியவர் முதல் முறை விழுந்ததும் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார். தானே செய்தவர் அன்று ராத்திரியே ஒட்டிவிடுகிறார்.

முதல் விமானம் போர் விமானம் மாதிரி இருக்கணும்னு ஆசை வரும். வேண்டாம். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கட்டும். நீளம் ஒரு மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் லேசாக மேலே தூக்கி இருந்தால், சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். மூன்று கட்டுப்பாடு போதும்: மோட்டார் வேகம், பக்கவாட்டு வால், ஏற்ற இறக்க வால். எடை 600 கிராம் அளவில் நிற்கட்டும். கன்ட்ரோல் கம்பிக்குப் பழைய சைக்கிள் ஸ்போக் போதும். இறக்கையை ஒட்டாதீர்கள், மூங்கில் குச்சி செருகி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். விழும்போது இறக்கை தெறித்து விலகுமே தவிர உடையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் எடை மையம். பட்டத்துக்கு நூல் கட்டும் இடம் தப்பினால் சுற்றிச் சுற்றி விழுமே, அதே கதைதான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை, அதாவது 5 முதல் 6 சென்டிமீட்டரில், இரண்டு விரலால் தாங்கினால் சமமாக நிற்கணும். நிற்காவிட்டால் பேட்டரியை முன்னே பின்னே நகர்த்துங்கள். மூக்கு கனத்தால் சுமாராகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு.

பறக்கவிடும் முன் செல்போனில் இலவச சிமுலேட்டரில் பத்து மணி நேரம் பழகுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும்; புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். காற்று அடங்கிய விடியற்காலை நல்ல நேரம்.

இனி கண்டிப்பாகச் சில வார்த்தைகள். பேட்டரி இணைத்த புரொப்பெல்லர் ஓடாவிட்டாலும் ஓடுவதாகவே நினையுங்கள், விரலை எடுத்துவிடும். முதலில் ரேடியோ, பிறகு விமான பேட்டரி. அணைக்கும்போது முதலில் பேட்டரி. சிக்னல் போனால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. உப்பினதைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது. ஹாஸ்டல் அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. அது தீப்பிடிக்கும் பொருள்.

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் உண்டு. மத்திய அரசின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சைப் பகுதியா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அங்கேயும் பொதுவாக 400 அடி உயரம் வரைதான். விமான நிலையம் பக்கம் என்றால் இன்னும் குறையும். விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியணும். ஆட்கள் தலைக்கு மேல் விடாதீர்கள்.

கடைசியாக, என் பழைய நண்பர்களுக்கு. நினைவுப் பரிசாகக் கல்லூரிக்கு இன்னொரு கடிகாரம் வேண்டாமே. மூன்று ரேடியோ, மூன்று சார்ஜர், தீப்பிடிக்காத பெட்டியில் சில பேட்டரி வாங்கி மெக்கானிக்கல் லேப்பில் ஒரு ரிஜிஸ்டரோடு வைப்போம். யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். அட்டையும் பசையும் பிள்ளைகள் பாடு. ஒரு செட்டுக்கு நான் இன்றே பணம் கட்டுகிறேன். மீதி இரண்டுக்கு இந்த அரங்கத்திலிருந்து கை உயரணும்.

அந்த மூன்றாம் ஆண்டுத் தம்பி எங்கே இருந்தாலும் சரி, ரிஜிஸ்டரில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.