கூட யார் போகிறார்கள்?



சித்தூர்ப் பக்கத்துத் தகப்பனாரிடம் அவருடைய பெண் எஞ்சினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொன்னால், கம்ப்யூட்டர் என்றால் தாராளமாகத் தலையசைக்கிறார், மின்சாரமோ யந்திரமோ கட்டடமோ என்றால் மட்டும், "அந்தப் பிரிவுக்கு நம் ஊரிலிருந்து கூட யார் போகிறார்கள்?" என்று கேட்கிறார். எதிர்வீட்டுக்காரரும் அதையே கேட்டுக்கொண்டு காத்திருப்பதால், இருவர் பெண்களும் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். இதற்கு ஜாக்கிரதை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். நான் இதைக் கோழைத்தனம் என்கிறேன்.

பதினைந்து வயதில் விவாகமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான லலிதா என்ற தெலுங்குப் பெண், 1940-இல் சென்னைக் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பிரிவில் சேர்ந்தபோது, கூட வர ஒருவரும் இல்லை. அங்கே பேராசிரியராக இருந்த அவளுடைய தகப்பனார் பப்பு சுப்பாராவ், மகள் விடுதியில் தனித்து வாடுகிறாள் என்பதற்காக அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கும் இடமுண்டு என்ற செய்தியை ஊரறியப் பரப்பினார். லீலாம்மா ஜார்ஜ், தெரேசியா என்ற இரு பெண்கள் கட்டடப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையில் பங்குகொண்டார். தெரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினீயரானார். துணை கிடைத்த பிறகு அனுப்பலாம் என்று சுப்பாராவ் உட்கார்ந்திருந்தால், அந்தத் துணையும் வந்திராது.

கை அழுக்காகும், கல்யாணம் தடைப்படும் என்று ஆக்ஷேபணை சொல்லும் பெரியவர்களே, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி எங்கிருந்து கிளம்பிற்று? இன்று உங்கள் திருப்பதி ஜில்லாவிலேயே சேர்ந்திருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து! அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜி. அதே தளத்திலிருந்து 2012-இல் போன ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அரியலூர் வளர்மதி. தென்கோடியிலிருந்தும் காவிரிக்கரைப் பக்கத்திலிருந்தும் பெண்கள் புறப்பட்டுச் சாதிக்கலாம், இங்கே பிறந்த பெண் மாத்திரம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னும் அருகில் பாருங்கள். சித்தூர்–திருப்பதி சாலையில் காதங்கியில், 32 வரிசையாக, வரிசைக்கு 32 வீதம், 1024 இடங்களில் ஆண்டெனாக்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று அறியும் ராடார் அது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் அதன் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குப் பொறுமையும் கூர்மையான கண்ணும் வேண்டுமே தவிர, மீசை வேண்டியதில்லை.

அரசாங்கம் தன் பங்குக்குக் கொஞ்சம் செய்திருக்கிறது. 1983 முதல் திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களில் ஆண்களின் இடங்களைக் குறைக்காமல், பெண்களுக்கென்று 2018 முதல் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தி, 2020-இல் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றாக இருக்க வழி செய்தார்கள். அதைத் தகுதிக்குறைவு என்று பழிப்பவர்கள், அந்த இடங்களுக்கும் கடினமான நுழைவுப் பரீட்சையில் தேறித்தான் வரவேண்டும் என்பதை மறைத்துப் பேசுகிறார்கள்.

ஆகவே தலைமையாசிரியர்களிடம் என் விண்ணப்பம் இது: பத்தாம் வகுப்புப் பெண்களைத் தொழிற்கூடங்களுக்கு அழைத்துப் போய், கயிற்றுக்கு இப்பால் நிறுத்தி வேடிக்கை காட்டாமல், ஸ்பானரையும் சால்டரிங் இரும்பையும் அவர்கள் கையில் கொடுங்கள். விருப்பமுள்ளவளை ஒருத்தியாக விடாமல், மூன்று பேராகச் சேர்த்து ஒரே கல்லூரிக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்; மூன்று வீட்டுப் பெற்றோரையும் ஒரே நாளில் பள்ளிக்கு வரவழைத்து, ஒருவர் எதிரில் ஒருவரை உட்கார வைத்துப் பேசுங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் செய்துவிடலாம்.