கதையில் வந்த காதலும் வாசலில் நின்ற காதலும்



“நாற்பதை நெருங்கும்போது வரும் காதல் கதைக்குத்தான் அழகு” என்றார் எதிரணி நண்பர். காதல் கதை எழுதிய ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

இங்கிலாந்தின் ஷார்லட் பிரான்ட்டே. அவருடைய ‘ஜேன் அயர்’ நாவல் 1847-இல் வெளிவந்தது. நாயகன் ராச்செஸ்டருக்குப் பெரிய மாளிகை, அதட்டும் குரல், மறைத்து வைத்த ஒரு ரகசியம். எழுதியவர் வாழ்விலோ அப்படி எவரும் வரவில்லை. அடுத்த ஈராண்டுக்குள் தம்பியையும் இரு தங்கைகளையும் பறிகொடுத்தார்.

அவர் தந்தை ஹாவொர்த் ஊர்ப் பாதிரியார். தந்தைக்கு உதவியாக 1845-இல் வந்தவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸ். ஷார்லட் நாயகனைத் தாளில் தேடியபோது, இவர் அதே ஊரில்தான் இருந்தார்! 1852 டிசம்பரில் கதவைத் தட்டி, உடல் நடுங்கத் தம் மனத்தைச் சொன்னார். வருமானம் குறைந்தவர் என்று தந்தை கொதித்தார். ஆயினும் 1854 ஜூன் 29-இல் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 38. தந்தை தேவாலயத்துக்கு வரவில்லை. பழைய ஆசிரியை கைப்பிடித்துக் கொடுத்தார்.

ஒன்பதே மாதத்தில் ஷார்லட் இறந்தார். “அவ்வளவுதானே?” என்பீர்கள். நோய்ப் படுக்கையில் எழுதிய கடிதத்திலும் கணவரின் பரிவைத்தான் போற்றினார்.

நம் வீட்டில் ஓர் அக்காள் இந்த வயதில் வாய் திறந்தால், “ஊர் சிரிக்கும்” என்கிறோம். நடுவர் அவர்களே, சிரிக்கும் ஊரா அவருக்குத் துணையிருக்கப் போகிறது?