கீழாநெல்லியும் ஒரு மாத்திரையும்



புதுவையில் நாம் படித்தபோது ரத்த தானம் செய்தேன். பிறகு கூப்பிட்டுச் சொன்னாங்க: ஹெபடைட்டிஸ்-பி. கல்லீரலில் சத்தமில்லாமல் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும் வைரஸ்.

அம்மா மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். சென்னையில் தியாகராஜன், நோபல் பெற்ற பிளம்பர்க் குழுவினர் அதைச் சோதித்து 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாம். பின்வந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நான் அதையே நம்பி டாக்டரிடம் போகாமல் இரண்டு வருஷம் கடத்தினேன்.

இப்போது தினம் ஒரு டெனோஃபோவிர். வைரஸ் பெருகாமல் தடுக்கும், அடியோடு அழிக்காது. ஆகவே, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

தம்பிகளே, ஒரு தடவை பரிசோதனை செய்துக்குங்க. தொற்று இல்லையென்றால் தடுப்பூசி இருக்கு. சேர்ந்து சாப்பிட்டால் இது தொற்றாது. அது தெரியாமல்தான் ஹாஸ்டலில் உங்களை விட்டுத் தனியே சாப்பிட்டேன். இன்று மதியம் ஒரே பந்தியில் உட்காருவோம்.