மண்ணறிந்து கொடி நடுதல்



ஒரு நிலத்தில் இன்ன ரகம் நடுவதென்று தீர்மானிக்க வேண்டியது குடியானவனின் ஆசையா, மண்ணின் சுபாவமா? பிரான்சு தேசத்துத் திராட்சைக் குடியானவர்கள் பெருநஷ்டப்பட்டுக் கற்ற பாடம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது.

அத்தேசத்தின் தென்மேற்கில், திராட்சை மதுவுக்குப் பேர்பெற்ற போர்தோ பிரதேசம் உள்ளது. அதில் மெதோக் பகுதியின் சிறந்த நிலங்கள் சரளைக்கல் நிறைந்த மேடுகள். சரளையில் மழைநீர் தங்காது. வெயிலில் கல் விரைவில் சூடேறும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் ரகத்துக்கு இச்சூடு பெருந்துணை. அதே ரகத்தைக் குளிர்ந்து ஈரங்காக்கும் களிமண்ணில் நட்டால், அது நன்கு பழுப்பது அரிது. களிமண்ணுக்கு ஏற்றது முன்னதாகப் பழுக்கும் மெர்லோ ரகம்.

பொமெரோல் என்னும் ஊரிலுள்ள பெத்ரூஸ் தோட்டம் இதற்கு நல்ல உதாரணம். அதன் பரப்பு ஏறக்குறைய 28 ஏக்கர். அங்கே மேட்டில் நீலநிறக் களிமண் உண்டு. மழை பெய்தால் அது உப்பி இறுகி, மிகுதி நீரை உட்புகவிடாது. வறட்சியில் தான் பிடித்து வைத்த ஈரத்தைச் சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கும். அங்கே பயிராவது மெர்லோவே. சற்றுத் தொலைவிலுள்ள ஷெவால் பிளாங் தோட்டத்திலோ சரளையும் உண்டு, களிமண்ணும் உண்டு. அங்கே மெர்லோவுடன் கபர்னே பிரான் ரகமும் பெருமளவில் பயிராகிறது.

மண் பார்ப்பது பழத்துக்காக மட்டுமன்று, வேருக்காகவும் வேண்டும். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி, வேரை உறிஞ்சித் தோட்டந்தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் காட்டுக் கொடிகளின் வேர் அதனைத் தாங்குமாதலால், அவற்றின்மேல் பிரெஞ்சு ரகங்களை ஒட்டுக் கட்டினர். ஆனால் போர்தோவுக்கு வடக்கேயுள்ள கொஞ்ஞாக் பகுதியின் சுண்ணாம்பு நிலங்களில் அவ்வொட்டுக் கொடிகள் மஞ்சளித்து நலிந்தன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அவ்வேர்களால் இரும்புச் சத்தைப் பெற இயலவில்லை. பூச்சிக்குத் தப்பிய கொடி மண்ணுக்குத் தப்பவில்லை. நட்டவனின் செலவும் உழைப்பும் வீணாயின.

1887-இல் பிரெஞ்சு அரசாங்கம் பியேர் வியாலா என்ற நிபுணரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. டெக்சாஸ் வாசியான டி. வி. மன்சனின் உதவியால், அங்குள்ள சுண்ணாம்பு நிலங்களில் செழித்து வளரும் பெர்லாண்டியரி என்னும் காட்டுக்கொடியே ஏற்றதென்று அவர் தெளிந்தார். அக்கொடியின் தண்டு எளிதில் வேர்விடாது. ஆதலால் அதனை வேறு இனங்களுடன் கலந்து பெற்ற வேர்ச்செடிகளே வழக்கத்துக்கு வந்தன. மில்லார்தே, தெ கிராசே என்னும் இருவர் 1882-இலேயே உண்டாக்கிய '41பி' அவற்றுள் ஒன்று. இன்றும் சுண்ணாம்பு நிலங்களில் அது நடப்படுகிறது.

ஆகவே, பேர்பெற்ற ரகம் எதுவென்று விசாரிப்பதற்கு முன் குழி தோண்டிப் பார்ப்பதே விவேகம். மேல்மண்ணோடு அடிமண்ணையும், நீர் வடியுமா தங்குமா என்பதையும், சுண்ணாம்பின் அளவையும் அறிந்துகொள்ளுதல் அவசியம். மண்ணை மாற்றுதல் எவர்க்கும் அரிது. ரகத்தை மாற்றுதல் எளிது, ஆனால் நடுவதற்கு முன் மட்டுமே.