சோற்றுக் கல்லும் நெஞ்சுரமும்



களத்தில் எங்கள் வீட்டுக்குக் கூலியாக அளந்தது எப்போதும் கடைசியில் கூட்டி அள்ளிய நெல்தான். மண்ணும் பொடிக்கல்லும் அதில் சரிபாதி என்பார் அம்மா. மிகைதான், சாப்பிட்ட எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. அரிக்கன்சட்டியில் எத்தனை முறை அரித்தாலும் ஒரு கல்லாவது பல்லில் நறுக்கென்று கடிபடும். யாரும் பேசமாட்டோம். துப்பிவிட்டு அடுத்த கவளம்.

பிற்பாடு இலக்கியக் கூட்டங்களில் நம் எழுத்தைப் பாராட்டும்போது ‘நெஞ்சுரம்’ என்ற சொல் தவறாமல் வந்தது. எத்தனை துன்பம், எத்தனை உறுதி என்பார்கள். எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். உறுதியைப் பாராட்டுகிறவர், கல் எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. பனைமட்டையின் இரு ஓரத்திலும் ரம்பப் பல்லாக இருப்பது கருக்கு. விறகு பொறுக்கிய சிறுமியின் தோலைக் கிழித்ததும் அதுதான், பிறகு நூலுக்குப் பெயரானதும் அதுதான். மாணவர்கள் தேர்வில் ‘கருக்கு ஒரு குறியீடு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அது எடுத்தவர் கையையும் அறுக்கும். துறவற மடத்தைவிட்டு வெளியே வந்த ஒரு பெண் தன்னையும் அறுத்துக்கொண்டு எழுதிய நூல் அது. அந்தப் பேச்சுமொழியைக் கரடுமுரடு என்றார்கள். ஆமாம், கரடுமுரடுதான். வழவழப்பான மட்டை எதை அறுக்கும்?

அண்ணல் அம்பேத்கரின் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் புழுதி வருகிறது. 1934இல் ஏறத்தாழ 30 பேரோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போகிறார். பயணத்தில் முகம், உடம்பு, உடுப்பு எல்லாம் புழுதி. வாசலருகே நிறைந்த குளம். சிலர் முகமும் காலும் கழுவுகிறார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று ஒரு முகமதிய முதியவர் கத்திக்கொண்டு ஓடிவருகிறார், கூட்டம் கூடுகிறது. தீண்டப்படாதவர் ஒருவர் முகமதியரானால் அப்போதும் தடுப்பீர்களா என்று அண்ணல் கோபமாகக் கேட்கிறார். பதில் இல்லை. கடைசியில் உள்ளே விட்டார்கள். எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலாள் ஒருவரையும் கூடவே அனுப்பினார்கள். தன் துணிவைப் பற்றி அண்ணல் அங்கே பேசுவதில்லை. புழுதி, குளம், காவலாள் — இவற்றைத்தான் எழுதுகிறார்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு வருடம் களத்தில் நெல்லை வாங்காமல் முறத்தை நீட்டினார். “நீங்களே பொடச்சு அளந்து குடுங்க” என்றார். வழக்கமான ‘சாமி’ அன்று வாயில் வரவில்லை. புடைத்துத்தான் அளந்தார்கள். அந்த வருடம் சோற்றில் கல் இல்லை. அடுத்த அறுவடைக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அம்மா பக்கத்து ஊருக்கு நடந்துபோய்க் கதிரறுத்தார். இதை நான் இன்னும் எங்கும் எழுதவில்லை.